குளத்து நீர் ஏன் இப்படி ஆயிற்று? அறிகுறி பார்த்து நீச்சல்குளத்தையும் ஸ்பாவையும் சரிசெய்யும் வழி

நீர் பச்சையானால் குளோரின் போடு. கலங்கினாலும் குளோரின் போடு. நெடி அடித்தால் குளோரின் கூடிவிட்டது, நிறுத்து. நான் குளம் பராமரிக்கத் தொடங்கிய காலத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான். பாதி நாள் அது பலித்தது. பலிக்காத நாள்களில்தான் நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன்.

ஒரே அறிகுறிக்குப் பின்னால் இரண்டு மூன்று காரணங்கள் இருக்கும். பச்சை நிறம் பாசியாலும் வரும், தாமிரத்தாலும் வரும். பாசிக்குப் போடும் குளோரின், தாமிரம் கலந்த நீரில் சுவரெல்லாம் கறையாக்கிவிடும். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் முதலில் எது காரணம் என்று பிரித்தறியும் வழியைச் சொல்கிறேன். எதை ஊற்றுவது என்பது அதற்குப் பிறகுதான்.

முதலில் டெஸ்ட் கிட்

நீரை மேற்பரப்பிலிருந்து எடுக்காதீர்கள். முழங்கை மூழ்கும் ஆழத்தில், நீர் திரும்பி வரும் ஜெட்டிலிருந்து தள்ளி, குப்பியைக் கவிழ்த்து இறக்கி அங்கே நிமிர்த்தி நிரப்புங்கள். காலாவதியான சொட்டு மருந்தையும், ஈரக்கை பட்ட ஸ்ட்ரிப்பையும் (நீரில் நனைத்தால் நிறம் மாறும் பட்டை) தூக்கிப் போட்டுவிடுங்கள். ஸ்ட்ரிப் அன்றாடப் பார்வைக்குப் போதும். சிக்கல் வந்த நாளில் சொட்டு மருந்துக் கிட் வேண்டும்.

கிட்டும் சில சமயம் ஏமாற்றும். முந்தைய இரவு நிறைய குளோரின் ஊற்றியிருந்த ஒரு குளத்தில் காலையில் சோதித்தேன். குளோரினைக் காட்டும் டிபிடி மருந்து குழாயில் விழுந்த நொடியில் அடர்ந்த ரோஜா நிறம் எழுந்தது. குழாயை வெளிச்சத்துக்குத் தூக்குவதற்குள் அது வெளுத்து வெறும் நீராகிவிட்டது. அந்த ஒரு நொடியைக் கவனிக்காதவர் குளோரின் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டு இன்னும் ஊற்றியிருப்பார். குளோரின் மிக அதிகமாக இருந்தால் அந்த நிறத்தையே அது வெளுத்துவிடும். சந்தேகம் வந்தால் ஒரு பங்கு குளத்து நீருடன் நான்கு பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்துச் சோதித்து, வரும் எண்ணை 5 ஆல் பெருக்குங்கள். பிஎச்சை (நீரின் அமில, கார நிலையைக் காட்டும் எண்) பார்க்கும் ஃபீனால் ரெட் மருந்தும் இப்படித்தான். குளோரின் 10 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 10 பங்கு) மேல் போனால் அது ஊதாவாகி, இல்லாத உயர்ந்த பிஎச்சைக் காட்டும். அந்த ஊதாவை நம்பி ஆசிட் ஊற்றாதீர்கள்.

எட்ட வேண்டிய எண்கள் இவை. பிஎச் 7.2 முதல் 7.8 வரை. குளத்தில் கட்டற்ற குளோரின் (அழுக்கோடு சேராமல் வேலைக்குத் தயாராக மிஞ்சியிருப்பது) குறைந்தது 1 பிபிஎம், சயனூரிக் அமிலம் (வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும் ஸ்டெபிலைசர்) போட்டிருந்தால் குறைந்தது 2. ஸ்பாவில் (ஜெட் வைத்த சுடுநீர்த் தொட்டி) குறைந்தது 3, குளோரினுக்குப் பதில் புரோமின் பயன்படுத்தினால் 4 முதல் 8. மொத்தக் காரத்தன்மை (பிஎச் சட்டென்று மாறாமல் தாங்கும் திறன்) 80 முதல் 120 பிபிஎம். கால்சியம் கடினத்தன்மை குளத்தில் 200 முதல் 400, ஸ்பாவில் 150 முதல் 250. வெயில்படும் குளத்தில் சயனூரிக் அமிலம் 30 முதல் 50.

இந்த எண்களுள் பிஎச்சை ஏன் முதலில் சொன்னேன் என்றால், குளோரினின் வேலையே அதன் கையில் இருக்கிறது. கிருமியைக் கொல்வது ஹைப்போகுளோரஸ் அமிலம். பிஎச் 7.5இல் குளோரினில் ஏறக்குறைய பாதி அந்த வடிவத்தில் இருக்கும். 8ஐத் தொட்டால் கால் பங்குதான். கிட்டில் அதே 2 பிபிஎம் தெரியும், ஆனால் உழைப்பது பாதிகூட இல்லை.

மருந்தளவைக் கணக்கிடக் குளத்தின் கொள்ளளவு தெரிய வேண்டும். நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி 1,000 ஆல் பெருக்கினால் லிட்டர். வட்டக் குளமென்றால் விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, 0.785 ஆலும் ஆழத்தாலும் பெருக்குங்கள். பிறகு 10,000 லிட்டருக்கு இப்படி: 10 சதவீதத் திரவ குளோரின் 100 மில்லி ஊற்றினால் 1 பிபிஎம் ஏறும். சமையல் சோடா 170 கிராம் போட்டால் காரத்தன்மை 10 ஏறும். செதில் வடிவக் கால்சியம் குளோரைடு 150 கிராம் போட்டால் கடினத்தன்மை 10 ஏறும். சயனூரிக் அமிலம் 100 கிராமுக்கு 10 ஏறும். 31 முதல் 33 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட் 200 மில்லிக்குக் காரத்தன்மை 10 இறங்கும், கூடவே பிஎச்சும் இறங்கும். பிஎச்சை மட்டும் கொஞ்சம் இறக்க 100 மில்லியில் தொடங்கி, நீர் ஒரு சுற்றுச் சுற்றி வந்தபின் மறுபடி பாருங்கள். திரவ குளோரின் வெப்பத்திலும் வெயிலிலும் வீரியம் இழக்கும். மாதக்கணக்கில் கிடந்த கேனில் 10 சதவீதம் இருக்கும் என்று நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

இதைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்: மருந்தைத்தான் நீரில் போட வேண்டும், நீரை மருந்தின்மேல் ஊற்றக் கூடாது. ஆசிட்டும் குளோரினும் ஒரே வாளி, ஒரே அளவுக் குவளை, ஒரே அலமாரி எதிலும் சேரக் கூடாது. சேர்ந்தால் கிளம்புவது நச்சு வாயு. டிரைகுளோர் மாத்திரையும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டுத் தூளும் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். "இரண்டும் குளோரின்தானே" என்று மாத்திரைக் கூண்டில் தூளைப் போடுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

அறிகுறி: குளோரின் நெடி தூக்குகிறது, கண் எரிகிறது

இங்கேதான் பெரும்பாலானோர் தலைகீழாக முடிவெடுக்கிறார்கள். சரியாக இருக்கும் குளத்தில் நெடி ஏறக்குறைய தெரியாது. மூக்கைத் துளைப்பது குளோரமைன். வியர்வை, சிறுநீர் இவற்றிலுள்ள நைட்ரஜன் பொருள்களுடன் குளோரின் சேர்ந்து உருவாவது அது. அதாவது குளோரின் அழுக்கோடு மல்லுக்கட்டித் தோற்றுக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

மொத்த குளோரினையும் கட்டற்ற குளோரினையும் தனித்தனியே அளந்து கழியுங்கள். வித்தியாசம் 0.2 பிபிஎம்முக்குள் இருந்தால் நலம். 0.4ஐத் தாண்டினால் கட்டாயம் ஏதாவது செய்ய வேண்டும். வழக்கமான கணக்கு, அந்த வித்தியாசத்தைப்போல் பத்து மடங்குக்குக் கட்டற்ற குளோரினை ஏற்றுவது. வித்தியாசம் 0.6 என்றால் 6 பிபிஎம். அரைகுறையாக ஏற்றி நிறுத்தினால் நெடி கூடத்தான் செய்யும், அதனால் ஒரே மூச்சில் செய்யுங்கள். மாலையில் ஊற்றி, பம்பை இரவு முழுக்க ஓட விட்டு, மூடு விரிப்பை எடுத்துவிடுங்கள். வாயு வெளியேற வேண்டும், வெயிலும் குளோரமைனை உடைக்கும். உள்ளரங்கக் குளமென்றால் காற்றோட்டம் இல்லாமல் இது நடக்காது. குளோரின் வழக்கமான அளவுக்கு இறங்கும்வரை யாரும் இறங்க வேண்டாம்.

வித்தியாசம் குறைவாகவே இருந்து கண் மட்டும் எரிந்தால் பிஎச்சைப் பாருங்கள். நம் கண்ணீரின் பிஎச் ஏறக்குறைய 7.4. நீர் 7க்குக் கீழே போனாலும் 8க்கு மேலே போனாலும் கண் உடனே சொல்லிவிடும்.

இறங்குமுன் ஒரு நிமிடம் உடம்பைக் கழுவிக்கொண்டால் இந்தப் பாடு பாதி இருக்காது. குளோரமைனுக்கு அதைவிட மலிவான மருந்தை நான் கண்டதில்லை.

அறிகுறி: நீர் பச்சை

வெள்ளை வாளி ஒன்றில் குளத்து நீரை நிரப்பி நிழலில் வையுங்கள். நீர் மங்கலான பச்சையாக, அடி தெரியாமல் இருந்து, குளத்துச் சுவரைத் தடவினால் வழவழவென்று கையில் ஒட்டினால் பாசி. நீர் கண்ணாடிபோலத் தெளிந்திருந்து, நிறம் மட்டும் நீலம் கலந்த பச்சையாக இருந்தால் தாமிரம். உறுதி செய்ய வாளியில் ஒரு மேசைக்கரண்டி திரவ குளோரின் விட்டுக் கலக்குங்கள். பாசியென்றால் சிறிது நேரத்தில் பச்சை மறைந்து, வெளிறிய கலங்கலாகும். இரும்பு கலந்திருந்தால் சில நிமிடங்களிலேயே பழுப்பு ஏறும். தாமிரப் பச்சை அப்படியே நிற்கும். நரைத்த முடி பச்சையாவதற்கும் குளோரின் காரணமல்ல, தாமிரம்தான். இந்த வாளிச் சோதனையைச் செய்யாமல் பச்சைக் குளத்தில் நான் இப்போதெல்லாம் எதையும் ஊற்றுவதில்லை.

பாசி என்று தெரிந்தால், ஏன் வந்தது என்பதற்குப் பதில் எப்போதும் ஒன்றுதான்: வேலை செய்யும் குளோரின் சில மணி நேரமாவது இல்லாமல் போயிருக்கிறது. 2016 ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக்கின் டைவிங் குளம் உலகமே பார்க்கப் பச்சையானது நினைவிருக்கும். சில நாள்களுக்கு முன் நீரில் ஹைட்ரஜன் பெராக்சைடு 80 லிட்டர் ஊற்றப்பட்டது, அது குளோரினை முறித்துவிட்டது என்று அமைப்பாளர்கள் விளக்கம் சொன்னார்கள். பெராக்சைடும் கிருமிநாசினிதான், குளோரினும் கிருமிநாசினிதான். ஆனால் ஒரே நீரில் சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தனித்தனியே நல்ல மருந்தாக இருந்தாலும், நீரில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று தெரியாமல் புதிதாக ஒன்றை ஊற்றக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

பாசியை நீக்கும் முறை பொறுமை கேட்கும். முதலில் பிஎச்சை 7.2க்கு இறக்குங்கள், ஏனென்றால் குளோரினை ஏற்றியபின் பிஎச் சோதனை செல்லாது. இலை, சருகு எல்லாவற்றையும் வலையால் அள்ளுங்கள், இல்லாவிட்டால் ஊற்றும் குளோரினை அவை தின்றுவிடும். சயனூரிக் அமில அளவைப் பார்த்து, அதில் 40 சதவீதம் அளவுக்குக் கட்டற்ற குளோரினை ஏற்றுங்கள். 30 இருந்தால் 12 பிபிஎம், 40 இருந்தால் 16. சுவர், மூலை, ஏணியின் பின்புறம், விளக்கின் விளிம்பு எல்லாம் பிரஷ் போட்டுத் தேயுங்கள். பாசியின் மேல் படலம் கிழியாமல் குளோரின் உள்ளே போகாது. அடுத்த சில மணி நேரத்தில் அளவு இறங்கியிருக்கும், மறுபடி ஏற்றுங்கள். ஒரே தடவை நிறைய ஊற்றிவிட்டு இரண்டு நாள் விட்டுவிடுவதுதான் பாசி திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம். பச்சை போய் சாம்பல் நிறமாகும்போது பலர் நிறுத்திவிடுகிறார்கள். அது செத்த பாசி, அதை ஃபில்டர்தான் எடுக்க வேண்டும். பேக்வாஷ் (ஃபில்டரில் நீரை எதிர்த்திசையில் ஓட்டிக் கழுவுவது) அடிக்கடி தேவைப்படும்.

முடிந்துவிட்டதா என்று தெரிய இரவுச் சோதனை செய்யுங்கள். சூரியன் மறைந்தபின் ஒருமுறை, விடியுமுன் ஒருமுறை குளோரினை அளங்கள். இரவில் வெயில் இல்லை, ஆகவே 1 பிபிஎம்முக்கு மேல் குறைந்திருந்தால் அதைத் தின்றது உயிருள்ள ஏதோ ஒன்று. இன்னும் தொடருங்கள்.

தாமிரம் என்றால் வழி வேறு. குளோரினை ஏற்றவே ஏற்றாதீர்கள். தாமிரம் சேர்ந்த பாசிக்கொல்லி போட்டிருந்தால் நிறுத்துங்கள். போடவில்லை என்றால் ஹீட்டரைச் சந்தேகியுங்கள்: பிஎச் நெடுநாள் தாழ்ந்திருந்தால் அதன் தாமிரக் குழாய் கரைந்து நீரில் வந்திருக்கும். பிஎச்சைச் சரிசெய்து, உலோகத்தைப் பிடித்துவைக்கும் மருந்து போட்டு, நீரில் ஒரு பகுதியை மாற்றுங்கள்.

அறிகுறி: தேநீர் நிறம், கருங்கறை

குளோரின் போட்ட உடனே நீர் பழுப்பானால் இரும்பு, கருமை தட்டினால் மாங்கனீசு. பெரும்பாலும் நிலத்தடி நீரில் நிரப்பிய குளங்களில் வரும். கரைந்திருந்தபோது கண்ணுக்குத் தெரியாது, குளோரின் பட்டதும் துருவாகி வெளிப்படும். சுவரில் பழுப்புக் கறை இருந்தால் வைட்டமின் சி மாத்திரை ஒன்றை அதன்மேல் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அந்த இடம் வெளுத்தால் இரும்பேதான்.

அறிகுறி: பால் கலந்ததுபோல் வெண்கலக்கம்

ஒரு விதி முதலில்: ஆழமான பகுதியின் அடியிலுள்ள வடிகால் மூடி மேலிருந்து தெளிவாகத் தெரியவில்லை என்றால் குளத்தை மூடுங்கள். மூழ்கும் ஒருவர் அந்த நீரில் யார் கண்ணிலும் படமாட்டார். நீர் வேதியியல் அப்புறம்.

இனிக் காரணம். ஒரு கண்ணாடிக் குவளையில் நீரெடுத்துச் சில சொட்டு வினிகரோ ஆசிட்டோ விடுங்கள். தெளிந்தால் கால்சியம் கார்பனேட். பிஎச் ஏறியபோது கரையாமல் தூளாகப் பிரிந்திருக்கிறது. பிஎச்சை 7.2 பக்கம் இறக்கினால் போதும். சமையல் சோடாவையும் கால்சியம் குளோரைடையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் போட்டாலும் இதே வெண்மை வரும். இடையில் ஒரு நாளாவது விடுங்கள்.

சொட்டு விட்டும் தெளியவில்லையா? கட்டற்ற குளோரினைப் பாருங்கள். குறைவாக இருந்தால், கண்ணுக்குப் பச்சையாகத் தெரியுமுன் தொடங்கும் பாசி அது. மேலே சொன்ன வழியைப் பின்பற்றுங்கள்.

குளோரினும் சரி, பிஎச்சும் சரி என்றால் ஃபில்டர். சுத்தமாக இருந்தபோது அழுத்தமானி காட்டிய எண்ணை ஃபில்டரின்மேல் எழுதி ஒட்டி வையுங்கள். அதைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ கூடினால் பேக்வாஷ். பார்வைக் கண்ணாடியில் நீர் தெளியும்வரை ஓட்டி, பிறகு ரின்ஸ் ஓட்ட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் கிளறிய அழுக்கு அப்படியே குளத்துக்குத் திரும்பும். எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. குளத்து நீரின் அளவு முழுதும் ஒருமுறை பம்பு வழியே போனால்கூட, உண்மையில் ஃபில்டரைத் தொட்ட நீர் 63 சதவீதம்தான். சுத்தமான நீர் திரும்ப வந்து அழுக்கு நீரோடு கலந்துகொண்டே இருக்கிறது அல்லவா? இரண்டு சுற்றில் 86, மூன்றில் 95, நான்கில் 98. காலையில் இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு மதியம் தெளியவில்லை என்று கவலைப்படுவதில் பொருளில்லை.

தெளிவிக்கும் மருந்தைக் கடைசியில்தான் எடுப்பேன். அளவு கூடினால் அதுவே கலக்கும்.

அறிகுறி: காலையில் போட்ட குளோரின் மாலையில் இல்லை

இரவுச் சோதனை செய்யுங்கள். இரவில் குறையாமல் பகலில் மட்டும் குறைந்தால் வெயில். சயனூரிக் அமிலம் இல்லாத நீரில் குளோரினின் பெரும்பகுதியை ஓரிரு மணி நேர வெயில் தின்றுவிடும். சயனூரிக் அமிலத்தை 30க்கு ஏற்றுங்கள். பழைய காலுறையில் கட்டி ஜெட்டின் முன் தொங்கவிட்டு அவ்வப்போது பிசைந்தால் நன்றாகக் கரையும்.

இதற்கு நேரெதிரான சிக்கல்தான் அதிகம் பேரை அலைக்கழிப்பது: கிட்டில் குளோரின் 3 காட்டுகிறது, ஆனாலும் பாசி வருகிறது. சயனூரிக் அமிலம் எகிறியிருக்கும். அது குளோரினை வெயிலிலிருந்து காக்கும் அதே கையால் கட்டியும் போடும். கட்டற்ற குளோரின் அதன் அளவில் 7.5 சதவீதமாவது இருக்க வேண்டும். 40க்கு 3 போதும், 120 ஆகிவிட்டால் 9 வேண்டும். ஏன் ஏறுகிறது என்றால் மாத்திரையால்தான். டிரைகுளோர் மாத்திரை 1 பிபிஎம் குளோரின் தரும்போது 0.6 பிபிஎம் சயனூரிக் அமிலத்தையும் சேர்க்கிறது. டைகுளோர் தூள் 0.9 சேர்க்கிறது. குளோரின் செலவழிந்துவிடும், இது செலவழியாது, நீர் ஆவியானாலும் பின்தங்கிவிடும். நடைமுறையில் ஒரே வழிதான்: நீரை மாற்றுவது. பாதி நீரை மாற்றினால் பாதியாகும். அதன்பின் திரவ குளோரினுக்கு மாறிவிடுங்கள்.

அறிகுறி: பிஎச் ஒரே இடத்தில் நிற்பதில்லை

ஏறிக்கொண்டே போனால் காரத்தன்மை அதிகம், அல்லது நீர் அதிகம் குலுங்குகிறது. திறந்துவைத்த சோடா பாட்டில்போல நீரிலுள்ள கரியமில வாயு வெளியேற வெளியேற பிஎச் ஏறும். அருவி அமைப்பு, உப்பு குளோரினேட்டர், ஸ்பா ஜெட் மூன்றும் இதைத்தான் செய்கின்றன. புதிதாகப் பூச்சுப் பூசிய குளத்திலும் முதல் சில மாதங்கள் ஏறும். ஆசிட் விட்டு பிஎச்சை 7.2க்கு இறக்குங்கள், பிறகு ஜெட்டை மேல்நோக்கித் திருப்பி நீரைக் கொப்பளிக்க விடுங்கள். பிஎச் ஏறும், காரத்தன்மை ஏறாது. இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் காரத்தன்மை இறங்கிவிடும், பிஎச் தானே அமரும்.

இறங்கிக்கொண்டே போனால் டிரைகுளோர் மாத்திரையைச் சந்தேகியுங்கள், அது நல்ல புளிப்பு. காரத்தன்மையும் தாழ்ந்திருக்கும், சமையல் சோடா போடுங்கள். மாத்திரையை ஸ்கிம்மர் (மேற்பரப்புக் குப்பையை இழுக்கும் வாய்) கூடையில் போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பம்பு நின்றிருக்கும்போது அங்கே தேங்கும் அமில நீர், பம்பு ஓடத் தொடங்கியதும் நேராக ஹீட்டருக்குள் போகிறது.

அறிகுறி: ஓடுகளில் வெள்ளைக் கோடு, அல்லது பூச்சு சொரசொரப்பு

இவை இரண்டும் ஒரே தராசின் இரு தட்டுகள். நீருக்குக் கால்சியம் மிஞ்சினால் வெளியே தள்ளும், போதாவிட்டால் சுவரிலிருந்து கடித்து எடுத்துக்கொள்ளும். 1936இல் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் லாங்லியர் குடிநீர்க் குழாய்களுக்காக வகுத்த குறியீடுதான் இன்றும் குளங்களுக்குப் பயன்படுகிறது. பிஎச், வெப்பநிலை, கால்சியம், காரத்தன்மை, கரைந்த உப்புகள் சேர்ந்து ஓர் எண் வரும். மைனஸ் 0.3க்கும் பிளஸ் 0.3க்கும் இடையில் இருந்தால் நீர் அமைதியாக இருக்கும். செயலியில் போட்டால் நொடியில் வந்துவிடும்.

சர்க்கரைக்கு நேர்மாறாக, கால்சியம் கார்பனேட் சூடான நீரில்தான் குறைவாகக் கரையும். அதனால் படிவு முதலில் பிடிப்பது ஹீட்டரில். ஓட்டில் கோடு தெரியும்போது உள்ளே எவ்வளவோ படிந்திருக்கும். கோட்டின்மேல் ஒரு சொட்டு ஆசிட் வைத்துப் பாருங்கள். நுரைத்தால் கார்பனேட், பிஎச்சை இறக்கிப் பிரஷ் போட்டால் போகும். நுரைக்காவிட்டால் சிலிக்கேட், அதற்கு நுரைக்கல்லும் தோள் வலியும்தான்.

அறிகுறி: எண்கள் எல்லாம் சரி, ஆனால் நீரில் யாரோ மலம் கழித்துவிட்டார்கள்

உடனே எல்லோரையும் வெளியேற்றி, அள்ளி எடுத்துவிடுங்கள். வேக்யூம் போடாதீர்கள். கெட்டியான மலமென்றால் பிஎச் 7.5க்கு மிகாமல், கட்டற்ற குளோரின் 2 பிபிஎம்மில் 25 நிமிடம் போதும். வயிற்றுப்போக்கு என்றால் அது வேறு கதை. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி 1 பிபிஎம் குளோரினில் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடிருக்கும். சயனூரிக் அமிலம் இல்லாத நீரில் 20 பிபிஎம் குளோரினை 12.75 மணி நேரம் நிறுத்த வேண்டும். வயிறு சரியில்லாத குழந்தையை நீரில் இறக்காமல் இருப்பதே நல்லது.

அறிகுறி: ஸ்பாவில் நுரை

ஸ்பாவைச் சின்னக் குளம் என்று நினைப்பதிலிருந்துதான் தவறு தொடங்குகிறது. 1,500 லிட்டர் ஸ்பாவில் 4 பேர் உட்காருவது, 60,000 லிட்டர் குளத்தில் 160 பேர் இறங்குவதற்குச் சமம். அதுவும் சுடுநீரில், வியர்த்துக்கொண்டு.

பாதி நிரம்பிய பாட்டிலில் ஸ்பா நீரை எடுத்து மூடிக் குலுக்குங்கள். நுரை மேலே நின்றால் சோப்பு, எண்ணெய், உடையில் தங்கிய சலவைத்தூள். உடனே அடங்கினால் நீர் மென்மையாக இருக்கலாம், கால்சியத்தை 150க்கு ஏற்றிப் பாருங்கள். நுரை அடக்கும் மருந்து அன்றைய மாலையைக் காப்பாற்றும், அழுக்கு உள்ளேதான் இருக்கும். நீரை எப்போது மாற்றுவது? லிட்டர் கொள்ளளவை 11 ஆல் வகுத்து, தினமும் குளிப்பவர் எண்ணிக்கையால் வகுங்கள். 1,500 லிட்டரில் தினம் 4 பேர் என்றால் 34 நாள். டைகுளோர் மட்டும் போட்டு வந்தாலும் ஏறக்குறைய அதற்குள் சயனூரிக் அமிலம் எல்லை மீறிவிடும்.

அறிகுறி: ஸ்பாவில் இருந்து வந்தபின் உடம்பில் தடிப்பு

சில மணி நேரத்திலிருந்து சில நாள்களுக்குள், அரிக்கும் சிவப்புப் பொரிகள், குறிப்பாக நீச்சலுடை மூடியிருந்த இடத்தில். இது பெரும்பாலும் குளோரின் ஒவ்வாமையல்ல. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா, அதாவது குளோரின் குறைந்ததன் விளைவு. ஒவ்வாமை என்று நினைத்துக் குளோரினை இன்னும் குறைப்பவர்களை நினைத்தால் மனம் பதைக்கிறது, ஏனென்றால் அதே நீரில் கடும் நிமோனியா தரும் லெஜியோனெல்லா பாக்டீரியாவும் வளரும். அது நீரில் இறங்குபவரை மட்டுமல்ல, ஆவித்துளியைச் சுவாசிப்பவரையும் தாக்கும். 1999இல் நெதர்லாந்தின் போவென்கார்ஸ்பெல் ஊரில் ஒரு மலர்க் கண்காட்சியில் காட்சிக்கு வைத்த ஸ்பாவிலிருந்து அது பரவி, 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்கள் கண்காட்சிக்கு வந்தவர்கள், ஸ்பாவில் குளித்தவர்கள் அல்லர்.

தடிப்பு வந்தவருக்குக் காய்ச்சலோ இருமலோ இருந்தால் மருத்துவரிடம் ஸ்பாவில் இருந்ததைச் சொல்லுங்கள். ஸ்பாவை நிறுத்திவிடுங்கள். குழாய்களுக்குள் வழவழவென்ற படலம் கட்டியிருக்கும், மேல் நீரில் குளோரினை ஏற்றினால் மட்டும் அது போகாது. குழாய் கழுவும் மருந்தைப் பழைய நீரிலேயே போட்டு ஜெட்டுகளை ஓட்டுங்கள். முதல் சில நிமிடங்களில் பழுப்புத் திட்டுகளும் ஈரக் காகிதத் துணுக்குபோன்றவையும் ஜெட் வாயிலிருந்து வெளியே வரும். ஒருமுறை பார்த்தால் மறக்க மாட்டீர்கள். முகத்தை அருகே கொண்டுபோகாதீர்கள். பிறகு நீரை முழுதும் வடித்து, சுவரையும் தலையணைகளின் அடிப்புறத்தையும் மூடியின் உட்புறத்தையும் தேய்த்துக் கழுவி, ஃபில்டர் கார்ட்ரிட்ஜைப் புதிதாக மாற்றுங்கள். புது நீர் நிரப்பி, குளோரினை 20 பிபிஎம்முக்கு ஏற்றி, எல்லா வால்வுகளும் திறந்திருக்க, முதல் ஒரு மணி நேரம் ஜெட்டுகளை நிறுத்தியும் அதன்பின் 10 மணி நேரம் ஜெட்டுகளை ஓட்டியும் அதே அளவில் சுற்ற விடுங்கள். குளோரின் வழக்கமான அளவுக்கு இறங்கியபின் பிஎச்சையும் காரத்தன்மையையும் சரிசெய்து, மறுநாள் காலை, யாரும் இறங்குமுன், மறுபடி அளந்து பாருங்கள். குளோரின் 3க்குக் கீழே இறங்கியிருந்தால் குழாய்க்குள் இன்னும் மிச்சமிருக்கிறது. கழுவும் மருந்திலிருந்து மறுபடி தொடங்குங்கள்.